ஒரு லேபில் எச்.ஐ.வி ரியாக்டிவ் வந்தால் அடுத்து எங்கே போவது? வேலூர், சித்தூர் எல்லைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

எச்.ஐ.வி பரிசோதனைக்கென்றே வீட்டிலிருந்து கிளம்பிப் போகிறவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. வேறு எதற்கோ போன இடத்தில்தான் அது வந்து நிற்கும். குவைத் வேலைக்கான மெடிக்கல், கர்ப்பத்தின் முதல் ரத்தப் பரிசோதனை, ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் ரத்தம், கல்லூரியில் நடந்த ரத்ததான முகாம். குடியாத்தத்தில் கைலி நெய்கிறவரும் பரதராமியில் மாங்காய் வியாபாரம் பார்க்கிறவரும் இப்படித்தான் ஒரு நாள் கையில் ஒரு தாளோடு நிற்கிறார்கள். தாளில் ‘ரியாக்டிவ்’ என்று இருக்கும், அதாவது எச்.ஐ.வி இருக்கலாம் என்று பரிசோதனை காட்டுகிறது. அதன் கீழே பொடி எழுத்தில், இதை வேறு பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும் என்றும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதே லேபில் திரும்பப் பார், வேறு லேபுக்குப் போ, பி.சி.ஆர் எடு, வெஸ்டர்ன் பிளாட் எடு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, பார்டர் தாண்டிப் போய்விடு, யாருக்கும் தெரியாது. இவற்றில் எது எதற்கு உதவும், எது காசைத்தான் தின்னும் என்று பார்ப்போம். அதற்கு முன்னால், முதல் தாளை ஏன் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கணக்கு சொல்வது

இந்தியாவில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். பத்தாயிரம் பேரைப் பரிசோதித்தால் 20 பேர். லேப்களில் முதலில் செய்யும் எலைசா வகை ரத்தப் பரிசோதனைகள் இப்போது நல்லவை. தொற்று உள்ளவரைத் தவறவிடுவது மிக அபூர்வம். தொற்று இல்லாதவரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும் திறனை 99.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் தொற்று இல்லாத 9,980 பேரில் அரை சதவீதம் என்றால் ஏறக்குறைய 50 பேர். ஆக ரியாக்டிவ் என்று வரும் 70 பேரில் உண்மையிலேயே தொற்று உள்ளவர்கள் 20 பேர்தான். மீதி 50 பேரும் வீணாகத் தூக்கம் கெட்டவர்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதே கணக்கு கொஞ்சம் மாறும். ஆந்திரத்தில் இந்த விகிதம் 0.6 சதவீதத்துக்கு மேல். அங்கே பத்தாயிரம் பேரில் உண்மையான 60 பேரும் தவறான 50 பேரும் வருவார்கள். கிட் (பரிசோதனைப் பொருள்களின் தொகுப்பு) ஒன்றுதான், லேப் ஒன்றுதான்; ஆனால் ஒரு ரியாக்டிவ் தாளின் எடை இடத்துக்கு இடம் வேறு. ஆளுக்கு ஆளும் வேறு. ஆபத்தான தொடர்பு எதுவும் இல்லாத கர்ப்பிணிக்கு வரும் ரியாக்டிவும், ஊசியால் போதை மருந்து ஏற்றிக்கொள்கிறவருக்கு வரும் ரியாக்டிவும் ஒன்றல்ல. மாநிலச் சதவீதத்தை விட உங்கள் சொந்த வாழ்க்கைதான் இங்கே பெரிய கணக்கு. அதை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஏன் இப்படித் தவறு நடக்கிறது? பரிசோதனை பெரும்பாலும் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. புதிய கிட்டுகள் அதோடு பி-24 என்கிற வைரஸ் புரதத்தையும் தேடும். வேறு காரணத்துக்காக உடம்பில் உண்டான எதிர்ப்பொருள் சில சமயம் கிட்டில் லேசாக ஒட்டிக்கொள்ளும், வேறு பூட்டின் சாவி பாதி திரும்புவது போல. கர்ப்பம், அதிலும் பல முறை கர்ப்பமானவர்கள், எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்கள், மலேரியா, சிபிலிஸ், அண்மையில் போட்ட சில தடுப்பூசிகள் எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் உருவாக்கிவந்த கொரோனா தடுப்பூசியை நிறுத்தியதே இதனால்தான். அந்த ஊசியின் வடிவத்தைத் தாங்க எச்.ஐ.வி புரதத்தின் ஒரு துண்டைப் பயன்படுத்தியிருந்தார்கள். போட்டுக்கொண்டவர்கள் யாருக்கும் எச்.ஐ.வி வரவில்லை, வரவும் வழியில்லை. ஆனால் பரிசோதனையில் சிலருக்கு ரியாக்டிவ் என்று காட்டியது.

இதெல்லாம் உடம்பின் வேலை. மனிதர் வேலை தனி. டியூபில் பெயர் மாறுவது, பக்கத்து மாதிரியின் ஒரு துளி கலப்பது, கிட் வெயிலில் கிடப்பது, பதினைந்து இருபது நிமிடத்தில் படிக்க வேண்டிய ராப்பிட், அதாவது உடனடிப் பரிசோதனைப் பட்டையை, மதியச் சாப்பாடு முடித்துவிட்டு வந்து படிப்பது.

தாளில் ரியாக்டிவ் என்பதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால் அதையும் பாருங்கள். 1-க்கு மேல் போனாலே ரியாக்டிவ் என்று கொள்ளும் மெஷின்களில் 1.3, 2.1 என்று வருவது பெரும்பாலும் தவறான பாசிட்டிவாக முடிகிறது. நூற்றுக்கணக்கில் வருவது பெரும்பாலும் உண்மையாகிறது. ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். தொற்றின் ஆரம்ப நாட்களிலும் எண் சிறியதாகவே இருக்கும்.

அதே லேப், வேறு லேப்

அதே லேபில் புதிதாக ரத்தம் கொடுத்துப் பார்ப்பது ஒன்றுக்குத்தான் உதவும்: ஆள் மாறாட்டம், டியூப் மாறாட்டம் நடந்திருந்தால் தெரிந்துவிடும். உங்கள் ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று அந்தக் கிட்டில் ஒட்டுகிறது என்றால், பத்து முறை பார்த்தாலும் பத்து முறையும் ஒட்டும். தவறு உறுதியாகிக்கொண்டே போகும்.

வேறு லேப் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்களில் இருக்கும் பாதி லேப்கள் ரத்தம் எடுத்து அனுப்பும் இடங்கள்தான். மாலை வண்டியில் டியூப் சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விடும். வளைகுடா வேலைக்கு முயன்ற ஒரு பையன் என்னிடம், “அண்ணே, மூணு லேப்ல பாத்துட்டேன், மூணுலயும் அதேதான் வருது” என்றான். மூன்று தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றிலும் பரிசோதனை முறை ஒன்று, கிட் கம்பெனி ஒன்று. மூன்று சாட்சி என்று அவன் நினைத்தது ஒரே சாட்சிதான். தனியார் லேபுக்குத்தான் போவேன் என்றால், முதல் தாளில் உள்ள முறையின் பெயரைக் காட்டி, வேறு கம்பெனிக் கிட்டில் செய்வீர்களா என்று கேட்டுவிட்டுக் கை நீட்டுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் லேப் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

பி.சி.ஆரும் வெஸ்டர்ன் பிளாட்டும்

காசு இருப்பவர்கள் நேராக ஓடுவது இங்கேதான். இரண்டுக்கும் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

வெஸ்டர்ன் பிளாட், அதாவது எச்.ஐ.வி-யின் வெவ்வேறு புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தனித்தனிக் கோடாகக் காட்டும் பரிசோதனை, ஒரு காலத்தில் கடைசித் தீர்ப்பு. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி கண்டுபிடிக்கப்பட்ட கதையிலேயே அது இருக்கிறது, அதில் எங்கள் காட்பாடிக்கும் பங்கு உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவியாக இருந்த நிர்மலா, சேகரித்த ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேறி காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி-க்குக் கொண்டுவந்தார். எலைசாவில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாயின, அதாவது ரியாக்டிவ். அப்போதும் உடனே முடிவு கட்டிவிடவில்லை. புதிதாக ரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதியான பிறகே பாசிட்டிவ் என்று ஏற்றார்கள். நாட்டின் முதல் முடிவுக்கே அவ்வளவு சரிபார்ப்பு நடந்தது.

இன்று அந்தப் பரிசோதனைக்கு வயதாகிவிட்டது. தொற்றின் ஆரம்பத்தில் புதிய எலைசா பிடிப்பதை அது பிடிக்காது. தொற்றே இல்லாதவர்களிடமும் ஒரு கோடு, இரண்டு கோடு காட்டி ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று வந்து நிற்கும். சந்தேகம் தீரப் போனவர் இரட்டிப்புச் சந்தேகத்தோடு திரும்புவார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல், வழக்கமான பரிசோதனையில் இதைக் கைவிட்டு, அடுத்தடுத்து மூன்று வெவ்வேறு கிட்டில் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ் என்று அறிவிக்கச் சொன்னது. தொற்று விகிதம் குறையக் குறைய, முன்பு சொன்ன கணக்குப்படி, தவறான பாசிட்டிவின் பங்கு கூடுவதுதான் காரணம். சிக்கலான சில கேஸ்களில் பெரிய லேப்கள் இன்னும் வெஸ்டர்ன் பிளாட் செய்கின்றன. அது அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டியது. நாம் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

பி.சி.ஆர், அதாவது வைரல் லோடு, வைரஸையே தேடுவதால் அதுதான் பெரிய பரிசோதனை என்று பெயர். உண்மையில் அது சிகிச்சையில் இருப்பவருக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வந்தது. தொற்று இல்லாதவருக்கும் எப்போதாவது மிகச் சிறிய எண்ணிக்கையைக் காட்டும். தொற்று இருந்தும், மருந்து இல்லாமலே வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வமான சிலருக்கு ஒன்றுமே காட்டாது. எச்.ஐ.வி-1-க்கான பி.சி.ஆர் எச்.ஐ.வி-2-ஐப் பிடிக்காது, அந்த இரண்டாவது வகை இந்தியாவில் கொஞ்சமாக இருக்கிறது. அதனால் பி.சி.ஆர் மட்டும் வைத்து ‘ஒன்றும் இல்லை’ என்று நிம்மதியடைவதும் ‘இருக்கிறது’ என்று உடைந்து போவதும் இரண்டுமே அவசரம். இதற்கு உண்மையான வேலை இருக்கும் இடம் ஒன்று உண்டு, கீழே வருகிறது.

அரசு மையம்

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள எச்.ஐ.வி ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குத் தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று பெயர். ஆந்திரத்தில் ஐ.சி.டி.சி என்றே சொல்கிறார்கள். என் கருத்தில் ரியாக்டிவ் தாளோடு போக வேண்டிய முதல் இடம் இதுதான். இலவசம் என்பது அதற்குப் பெரிய காரணமில்லை. ஒருவருக்கு அறிகுறி எதுவும் இல்லாதபோது, மூன்று வெவ்வேறு தயாரிப்புக் கிட்டுகளில் மூன்றும் ரியாக்டிவ் ஆனால்தான் பாசிட்டிவ் என்று எழுத வேண்டும் என்பது தேசிய விதி. அந்த மூன்று கிட்டும் ஒரே மேஜையில் இருக்கும். தவறான பாசிட்டிவான அந்த 50 பேரில் வேறு வகை இரண்டாவது கிட்டையும் ஏமாற்றுகிறவர் ஒருவர் தேறுவதே கஷ்டம். மூன்றாவதையும் ஏமாற்றுவது அதைவிட அரிது. முடிவு பெரும்பாலும் அன்றே கிடைக்கும். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் தனியாக உட்கார்ந்து பேசுவார். தனியாரில் இந்தப் பேச்சு பெரும்பாலும் கிடையாது. தாளை மடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பதோடு சரி.

முதல் கிட் ரியாக்டிவ், மற்ற இரண்டும் இல்லை என்றால் நெகட்டிவ். இரண்டில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் முடிவு சொல்ல மாட்டார்கள். 14 முதல் 28 நாள் கழித்து வரச் சொல்வார்கள். உண்மையான தொற்று என்றால் அதற்குள் எதிர்ப்பொருள் பெருகி மூன்றும் ரியாக்டிவ் ஆகிவிடும். தவறானது என்றால் அப்படியே நிற்கும், அல்லது மறையும். அந்த இரண்டு முதல் நான்கு வாரம் கொடுமைதான். ஆனால் அந்த இடைவெளியில் லேப் லேபாக ஓடுவதால் ஒன்றும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, எல்லா அரசு இடமும் முழு மையம் அல்ல. பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரே ஒரு கிட் வைத்து முதல் கட்டப் பரிசோதனை மட்டும்தான். அங்கே ரியாக்டிவ் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். ஏற்கெனவே கையில் ரியாக்டிவ் தாள் இருப்பவர் நேராகத் தாலுகா அல்லது மாவட்ட ஆஸ்பத்திரியில் உள்ள மையத்துக்கோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போய்விடுவது நல்லது. போன் செய்து கேட்க 1097 என்கிற இலவச எண் இருக்கிறது.

இரண்டாவது விஷயம் நுணுக்கமானது, பலர் இடறும் இடமும் இதுதான். அரசு மையத்தில் பயன்படும் ராப்பிட் கிட்டுகள் பெரும்பாலும் எதிர்ப்பொருளை மட்டும் பார்ப்பவை. தனியார் லேபின் நான்காம் தலைமுறைப் பரிசோதனை பி-24-ஐயும் பார்க்கிறது. தொற்று ஏற்பட்டு மூன்று வாரமே ஆன ஒருவருக்குத் தனியாரில் ரியாக்டிவ், அரசு மையத்தில் முதல் கிட்டிலேயே நெகட்டிவ் என்று வர வாய்ப்பு இருக்கிறது. முதல் கிட் நெகட்டிவ் என்றால் அவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள், விதியே அதுதான். எனவே தனியார் தாளை மறைக்காதீர்கள். ‘அங்கே என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்’ என்று சோதித்துப் பார்ப்பது இந்த விஷயத்தில் வேண்டாம். தாளைக் காட்டி, கடந்த மூன்று மாதத்தில் ஆபத்தான தொடர்பு இருந்தால் அதையும் கவுன்சிலரிடம் சொல்லுங்கள். தொற்று ஏற்பட்ட பிறகு பரிசோதனை அதைப் பிடிக்க ஆகும் காலம், நான்காம் தலைமுறை லேப் பரிசோதனைக்கு 18 முதல் 45 நாள், விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் ராப்பிட்டுக்கு 90 நாள் வரை, பி.சி.ஆருக்கு 10 முதல் 33 நாள் என்பது பொதுவான கணக்கு. பி.சி.ஆர் காசுக்குத் தகுந்த வேலை செய்வது இந்த ஆரம்ப வாரச் சந்தேகத்தில்தான். அதையும் டாக்டர் சொல்லிச் செய்வது நல்லது.

பார்டர் தாண்டுவதா?

இது எங்கள் பக்கத்துக்கே உரிய கேள்வி. சித்தூர்க்காரர் வேலூருக்கு வருகிறார், குடியாத்தத்துக்காரர் சித்தூருக்கோ திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கோ போகிறார். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டினால் தெரிந்த முகம் இருக்காது என்கிற கணக்கு. நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். மையத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அத்தை மகன் பிரஷர் மாத்திரை வாங்க அந்த வழியாக வந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

பரிசோதனையின் தரத்தில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. விதி தேசிய விதி. சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசினால் புரிந்துகொள்ள ஆள் கிடைக்கும், அதனால் மொழியும் பெரிய தடையில்லை. இடைஞ்சல் வருவது தொடர்ச்சியில். முடிவு தெளிவாக இல்லாமல் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னால் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். பழைய பதிவு அங்கேதான் இருக்கும். இன்றைக்கு அங்கே, அடுத்த மாதம் இங்கே என்று மாற்றினால் இரண்டு அரைகுறை முடிவுகள்தான் கையில் மிஞ்சும். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் இரண்டு முறை போகும். உண்மையிலேயே பாசிட்டிவ் என்றால் தொடர்ந்து மருந்துக்கு அலைய வேண்டும். அப்போது வீட்டுப் பக்கத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

சட்டமும் கொஞ்சம் தைரியம் தருகிறது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, உங்கள் நிலையை வெளியே சொல்லக் கூடாது, இதைக் காரணம் காட்டி வைத்தியத்தையோ வேலையையோ மறுக்கக் கூடாது. சட்டத்தில் இருப்பதெல்லாம் ஆஸ்பத்திரி வராண்டாவில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆக என் தேர்வு இது: உள்ளூர் மையத்துக்குப் போக மனம் வந்தால் உள்ளூர். வெட்கத்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுவேன் என்றால், தாராளமாகப் பார்டர் தாண்டுங்கள், ஆனால் முடிவு எழுதிக் கையில் வரும் வரை அதே மையம்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

பிரசவ வலியோடு வந்த பெண்ணுக்கு முதல் கிட் ரியாக்டிவ் என்றால், மூன்றையும் பார்த்துவிட்டு மருந்து கொடுப்போம் என்று உட்கார நேரமில்லை. குழந்தைக்குப் பரவாமல் இருக்க மருந்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு உறுதி செய்வார்கள். “உறுதியாகாமல் ஏன் மருந்து?” என்று வீட்டார் சண்டை போட வேண்டாம். அந்த ஒரு இடத்தில் அவசரம்தான் சரி. பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு எலைசா ரியாக்டிவ் என்பதும் தனிக் கதை. தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை குழந்தையிடம் இருக்கும், அதனால் குழந்தைக்கு ஆறு வாரத்தில் பி.சி.ஆர்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று, பயம் வந்தது மூன்று நாளுக்குள் நடந்த சம்பவத்தால் என்றால் பரிசோதனை இரண்டாம்பட்சம். 72 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து கிடைக்கும். நேரம் போகப் போக அதன் பலன் குறையும்.

மற்ற எல்லோருக்கும், உறுதியாகும் முன் எச்.ஐ.வி மாத்திரை தொடங்குவது வேண்டாத வேலை. தொடங்கிய பிறகு பார்க்கும் வைரல் லோடு எதையும் நிரூபிக்காது. வைரஸ் இல்லாததால் காட்டவில்லையா, மாத்திரை அடக்கியதால் காட்டவில்லையா என்று சொல்ல முடியாது. முடிவு தெரியும் வரை ரத்ததானம் செய்யாதீர்கள், ஆணுறை இல்லாமல் சேராதீர்கள்.

கடைசியில் நெகட்டிவ் என்று வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், பழைய ரியாக்டிவ் தாளையும் கிழித்துப் போடாமல் சேர்த்தே வையுங்கள். உங்கள் ரத்தம் அந்தக் கிட்டோடு ஒத்துப்போகாதது என்றால் அடுத்த ஆபரேஷனிலும், அடுத்த பிரசவத்திலும், அடுத்த வளைகுடா மெடிக்கலிலும் அது மறுபடி ரியாக்டிவ் ஆகலாம். ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் இரண்டு தாளையும் காட்டி, வேறு வகைக் கிட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அவர் எடுத்த எடுப்பிலேயே சரியான பரிசோதனையை எழுதித் தருவார், நீங்களும் இன்னொரு முறை ஊர் ஊராக அலைய வேண்டியிருக்காது.